‘டீசன்ட் ஏரியா’ தேடுவோர் கவனத்துக்கு

சென்னைக்கு மாற்றலாகி வரும் குடும்பம் வீட்டுத் தரகரிடம் வாடகைக்கு அடுத்தபடியாகக் கேட்பது, “ஏரியா எப்படிங்க? பயமில்லாம இருக்கலாமா?” என்பதைத்தான். பதிலும் எல்லாப் பேட்டைக்கும் ஒன்றுதான்: “டீசன்ட் ஏரியா சார், எல்லாம் ஃபேமிலி.” அடையாறானாலும் ஆதம்பாக்கமானாலும் மடிப்பாக்கமானாலும் இதே வாசகம். அக்கம்பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று அது சொல்கிறது. அங்கே என்ன நேரக்கூடும் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் அதில் கிடையாது. கேட்டவரும் திருப்தியாகி அட்வான்ஸைக் கொடுத்துவிடுகிறார். அந்த அட்வான்ஸும் சின்னத் தொகையில்லை. வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம். ஆனாலும் பத்து மாத அட்வான்ஸ் என்ற சென்னை வழக்கம் இன்னும் சாகவில்லை. இடம் சரியில்லை என்று இரண்டாம் மாதமே தெரிந்தாலும் பலரைக் கிளம்பவிடாமல் பிடித்துவைப்பது அந்தப் பணம்தான். ஆகவே விசாரணையெல்லாம் பணம் கைமாறுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

முதலில், எதற்கு அஞ்சுவது? 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் பதிவான கொலைகள் 28,522. அதே ஆண்டு சாலை விபத்துகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். கிட்டத்தட்ட ஆறு மடங்கு. பெண்களுக்கு எதிராக அந்த ஆண்டு பதிவான குற்றங்களில் மிகப் பெரிய பங்கு, ஏறத்தாழ 31 சதவீதம், கணவரும் அவருடைய உறவினரும் இழைத்த கொடுமை. பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு ஏற்கெனவே தெரிந்தவர். சந்து முனையில் பதுங்கியிருக்கும் அந்நியனை மனத்தில் வைத்துக்கொண்டு நாம் வீடு தேடுகிறோம். அவன் இல்லவே இல்லை என்று சொல்லவரவில்லை. சங்கிலிப் பறிப்பும் பூட்டிய வீட்டை உடைப்பதும் இந்த ஊரில் நடக்கிறவைதாம். ஆனால் ஆபத்துகளின் வரிசையில் அவனுக்கு முன்னால் நிற்பவை பல.

குற்றத்தைப் பற்றிய ஆய்வுகள் ஒரு விஷயத்தில் திரும்பத் திரும்ப ஒத்துப்போகின்றன. குற்றம் பேட்டை முழுக்கப் பரவிக் கிடப்பதில்லை, சில புள்ளிகளில் குவிகிறது. 1989இல் வெளியான ஆய்வொன்றில், அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் போலீசுக்கு வந்த அழைப்புகளை ஆராய்ந்தார்கள். அவற்றில் பாதி, நகரின் மொத்த முகவரிகளில் வெறும் 3 சதவீத இடங்களிலிருந்து வந்திருந்தன. மோசமான பகுதி என்று பெயரெடுத்த இடத்திலும் பெரும்பாலான தெருக்கள் அமைதியாக இருக்கும். நல்ல பகுதி என்ற இடத்திலும் ஒரு மதுக்கடை வாசலோ ஒரு காலி மனையோ ஆண்டு முழுக்கத் தொல்லை தரும். ‘ஏரியா எப்படி’ என்ற கேள்வியே கொஞ்சம் கோணலானது. தெரு எப்படி, தெருவின் எந்த முனை, எத்தனை மணிக்கு என்று கேட்டால்தான் பதிலுக்கு ஏதாவது அர்த்தம் இருக்கும்.

நம்மிடம் உள்ள புள்ளிவிவரமோ இதற்கு உதவாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கை பெருநகரங்களை மொத்தமாகத்தான் எண்ணுகிறது. நாளிதழ்கள் அதைக் கொண்டு ‘பாதுகாப்பான நகரங்கள்’ பட்டியல் போடுகின்றன. அந்தப் பட்டியல் வேளச்சேரிக்கும் வில்லிவாக்கத்துக்கும் இடையே வேறுபாடு சொல்லாது. தவிர, புகாரை வாங்கிப் பதிவுசெய்கிற ஊரில் எண்ணிக்கை ஏறும், திருப்பி அனுப்புகிற ஊரில் இறங்கும். எண் குறைவாக இருப்பதாலேயே நிம்மதி கொள்ள முடியாது. இன்னொரு சின்ன விஷயம்: 2022 ஜனவரி முதல் தாம்பரத்துக்கும் ஆவடிக்கும் தனித்தனிக் காவல் ஆணையரகங்கள் வந்துவிட்டன. தாம்பரம், ஆவடிப் பக்கம் வீடு பார்ப்பவர் தம் தெரு எந்த ஆணையரகத்தில், எந்தக் காவல் நிலைய எல்லையில் வருகிறது என்று தெரிந்துவைத்துக்கொள்ளலாம். எல்லைத் தகராறில் புகார் அலைவது இங்கே புதிதல்ல.

எண்கள் இல்லாத இடத்தை வதந்தி நிரப்புகிறது. வடசென்னை என்றாலே அரிவாள் என்பது தமிழ் சினிமா பல ஆண்டுகளாக வளர்த்துவிட்ட படிமம். ராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் பெரம்பூரிலும் தலைமுறை தலைமுறையாக ரயில்வே ஊழியர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் வியாபாரிகளும் பிள்ளைகளைப் படிக்கவைத்து வாழ்கிறார்கள் என்பது திரையில் எடுபடுவதில்லை. இந்தப் பெயரின் சுமை இன்னும் மோசமாக விழுந்த இடங்கள் கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும். ஆற்றங்கரைகளிலும் கடலோரத்திலும் குடிசை போட்டிருந்தவர்களை அரசே கொண்டுவந்து இறக்கிய குடியிருப்புகள் அவை. கண்ணகி நகர் என்று முகவரி எழுதினால் வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள் என்று வேறு முகவரி கொடுக்கும் இளைஞர்களைப் பற்றிப் பல முறை செய்தி வந்திருக்கிறது. ஏரியா பார்த்துக் குடியேறும் வசதி இவர்களுக்கு ஒருபோதும் தரப்படவில்லை என்பதைத் தேர்ந்தெடுக்கும் வசதி உள்ளவர்கள் நினைவில் வைத்திருக்கலாம்.

மறுபக்கம், நல்ல பெயர் எவ்வளவு தாங்கும்? 2016 ஜூனில் ஒரு காலை வேளையில் நுங்கம்பாக்கம் ரயில் நிலைய நடைமேடையில், வேலைக்குக் கிளம்பி வண்டிக்காக நின்றிருந்த இளம் மென்பொருள் பொறியாளர் வெட்டிக் கொல்லப்பட்டார். நுங்கம்பாக்கத்தைவிட ‘டீசன்ட்’ பகுதி சென்னையில் குறைவு. நடைமேடையில் ஆட்கள் இருந்தார்கள். கண்காணிப்புக் கேமரா இல்லை. கொலைகாரன் தப்பி வெளியேறினான். 2018இல் அயனாவரத்தில் சில நூறு வீடுகள் கொண்ட அடுக்ககம் ஒன்றில் பதினொரு வயதுச் சிறுமிக்கு மாதக்கணக்கில் நடந்த கொடுமை வெளிவந்தது. குற்றவாளிகள் மதில் ஏறிக் குதித்து வந்தவர்கள் இல்லை. லிஃப்ட் இயக்கியவர், காவலாளி, குழாய் ரிப்பேருக்கு வந்தவர் என உள்ளேயே வேலைபார்த்தவர்கள். 2020 பிப்ரவரியில் 15 பேருக்குத் தண்டனை கிடைத்தது. வாசலில் பதிவேடும் சீருடைக் காவலும் வைத்த வளாகம் தரும் நிம்மதிக்கு இந்த வழக்கு ஓர் எச்சரிக்கை. வெளியாரை வடிகட்டும் ஏற்பாட்டால் உள்ளே இருப்பவரைக் கண்காணிக்க முடியாது.

சிகாகோவில் 343 குடியிருப்புப் பகுதிகளில் 8,782 பேரிடம் கேட்டறிந்து 1997இல் வெளியான ஆய்வு இங்கே நமக்கு உதவும். பக்கத்து வீட்டாரை நம்புவதும், தெருவில் தப்பு நடந்தால் தலையிடத் தயாராக இருப்பதும் சேர்ந்த இடங்களில் வன்முறை குறைவாக இருந்தது. வறுமையைக் கணக்கில் கழித்துப் பார்த்தபோதும் அப்படித்தான். தெருவில் கண்கள் வேண்டும் என்று அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் எழுதியதைக் கண்கள் இருந்தாலே போதும் என்று புரிந்துகொள்பவர்களுக்கு இது ஒரு முக்கியமான திருத்தம் என்பது என் எண்ணம். கண்கள் நுங்கம்பாக்கத்திலும் இருந்தன. “யாருப்பா அது, என்ன வேணும்?” என்று கேட்கும் வாய்தான் இல்லை. அந்த வாய் வாடகையோடு சேர்ந்து வருவதில்லை. பூக்காரம்மா, ஆட்டோ ஸ்டாண்டு, இரவு பத்து மணி வரை திறந்திருக்கும் மருந்துக்கடை, திண்ணையில் உட்காரும் பெரியவர்கள் இருக்கும் தெருவில் அது தானாகக் கிடைக்கும். எல்லா வீட்டிலும் ஏசி போட்டு ஜன்னல் சாத்திய தெருவில் அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

‘எல்லாம் ஃபேமிலி’ என்பதற்குப் பின்னால் இன்னொரு பொருளும் உண்டு. எந்தச் சாதி, எந்த மதம், சைவமா அசைவமா, தனியாக இருக்கும் பெண்ணா என்ற வடிகட்டல்தான் அது. டெல்லி வட்டாரத்தில் பொருளியலாளர் சுகதேவ் தோரட்டும் உடன் ஆய்வாளர்களும் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே வருமானமும் வேலையும் இருந்தும் தலித்துகளுக்கும் முஸ்லிம்களுக்கும் வீடு மறுக்கப்படுவதைப் பதிவுசெய்தது. சென்னையில் வீடு தேடிய எந்த முஸ்லிம் நண்பரைக் கேட்டாலும் ஆய்வு தேவைப்படாது. பாதுகாப்பு என்ற பெயரில் நடக்கும் இந்த வடிகட்டல் யாரையும் பாதுகாத்ததாக எந்தச் சான்றும் இல்லை. வீடு தேடுகிறவர் இதற்குத் துணைபோகாமல் இருக்க முடியும்: ‘யார் இருக்காங்க’ என்ற கேள்வியை விட்டுவிட்டு, ‘போன வருஷம் இங்க என்ன நடந்துச்சு’ என்று கேட்கலாம்.

இனி, சென்னையில் வீடு தேடுவோர் எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியதும், தரகர் வாயே திறக்காததுமான விஷயத்துக்கு வருவோம்: தண்ணீர்.

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டதாக அரசு சொன்னது. அடையாறு கரைமீறியது. முடிச்சூர், மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று ஆற்றின் ஓட்டத்திலேயே வீடுகள் மூழ்கின. கோட்டூர்புரம் வசதியானவர்களும் அதிகாரிகளும் விரும்பிக் குடியேறும் பகுதி. வெள்ளத்துக்கு அந்தப் பாகுபாடு தெரியவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கதை வேறு. வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், வடக்கே புளியந்தோப்பு என்று, பெய்த மழை வடிய வழியில்லாமல் தேங்கியது. முடிச்சூர் இரண்டு முறையும் அடிவாங்கியது. ஆகவே “2015லயே இங்க தண்ணி வரல சார்” என்று ஒருவர் சொன்னால் அது பாதிப் பதில்தான். ஆற்று வெள்ளத்துக்குத் தப்பிய தெரு தேங்கு நீருக்குத் தப்பும் என்பதில்லை. இரண்டு ஆண்டுகளையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

காரணம் மர்மமானதல்ல. கடல் மட்டத்திலிருந்து சில மீட்டரே உயர்ந்த தட்டை நிலம் இது. கொசஸ்தலை, கூவம், அடையாறு மூன்றும் குறுக்கே ஓட, பக்கிங்ஹாம் கால்வாய் அவற்றை வடக்கு தெற்காக வெட்டிச் செல்கிறது. நடுவில் ஏரிகள் இருந்தன. தியாகராய நகர் 1920களில் நீண்ட ஏரியொன்றை வற்றவைத்து உருவான நகர். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னமும் இருக்கிறது, பார்ப்பதற்கு ஏரிதான் இல்லை. 2021 நவம்பர் மழையில் தி.நகர் தெருக்களில் தண்ணீர் நாட்கணக்கில் நின்றபோது பலர் வியந்தார்கள், வியக்க ஒன்றுமில்லை. தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்திருந்தது. 2022இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டபோது மிஞ்சியிருந்தது சுமார் 1,250 ஹெக்டேர். தென்சென்னை ஏரிகள் பலவற்றின் உபரிநீர் இங்கே சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகத்தான் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் கடலுக்கும் போகவேண்டும். ஐ.டி. நிறுவனங்களுக்குப் பக்கம் என்று புதிதாக வருகிறவர்கள் முதலில் வீடு தேடுவதும் இந்த வட்டாரத்தில்தான்.

ஒரு பகுதியைப் பற்றி அதன் குடிமக்கள் உண்மையில் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு காட்சி போதும். 2024 அக்டோபரில் சிவப்பு எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் தங்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்திவிட்டு வந்தார்கள். எந்த விளம்பரப் பலகையும் சொல்லாத உண்மை அது.

வீடு பார்க்கப் போகும்போது சுவரைப் பார்க்க வேண்டும். உள்ளே புதுச் சாயம் அடித்திருப்பார்கள். காம்பவுண்டுச் சுவரின் வெளிப்புறத்துக்கு அடித்திருக்க மாட்டார்கள். அங்கே முழங்கால் உயரத்திலோ இடுப்பு உயரத்திலோ பழுப்புக் கோடு தெரியும், அதற்குக் கீழே உப்புப் பூத்திருக்கும். மின் மீட்டர் பெட்டி பழைய இடத்திலிருந்து பிடுங்கித் தலை உயரத்துக்கு ஏற்றப்பட்டிருக்கிறதா, சம்ப் மோட்டார் சிமென்ட் மேடை கட்டி அதன்மேல் உட்கார்ந்திருக்கிறதா, வாசற்படிக்கு முன்னால் பிற்பாடு கட்டிய ஒரு செங்கல் வரிசை இருக்கிறதா என்று கவனியுங்கள். வீட்டுக்காரர் கெட்டிக்காரர், பட்டுத் தெரிந்துகொண்டு வேலை செய்திருக்கிறார், உங்களிடம் சொல்லத்தான் மறந்துவிட்டார். சாலை மட்டம் வீட்டு மட்டத்தைவிட உயர்ந்திருந்தால் அதுவும் கெட்ட சேதி. ஒவ்வொரு முறையும் பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே தார் போட்டுப் போட்டுப் பல தெருக்களில் தரைத்தளம் பள்ளமாகிவிட்டது.

பிறகு தெருமுனை இஸ்திரிக்காரரிடம் பேச்சுக் கொடுங்கள். “அண்ணே, மழைக்காலத்துல வண்டிய எங்க தள்ளிட்டுப் போவீங்க?” என்று கேட்டால் போதும். இங்கேயே நிற்கும் என்றால் ஒரு பதில். “அந்த மெயின் ரோட்டு முக்குக்குப் போயிடுவேன், இங்க முட்டிக்கு மேல வந்துரும்” என்றால் வேறு பதில். வாடகை ஏறுவதும் இறங்குவதும் அவருக்குச் சம்பந்தமில்லாததால் அவர் பொய் சொல்லக் காரணம் இல்லை.

அடுத்தது சாலை, குறிப்பாக வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கோ ரயிலுக்கோ உள்ள கடைசி அரை கிலோமீட்டர். ஜி.எஸ்.டி. சாலை, ஓ.எம்.ஆர். ஓரத்து வீடுகளில் பிள்ளைகளுள்ள குடும்பம் முதலில் பார்க்க வேண்டியது, பள்ளி சாலைக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை. மெட்ரோ இரண்டாம் கட்டம் மூன்று தடங்களில் ஏறத்தாழ 119 கிலோமீட்டர். அந்த வேலை நடக்கும் வழியெங்கும் தடுப்புகள், திருப்பிவிடப்பட்ட போக்குவரத்து, காணாமல்போன நடைபாதைகள். மழைநீர் வடிகால் பணிக்குத் தோண்டிய பள்ளத்தில் விழுந்து 2022 அக்டோபரில் ஜாபர்கான்பேட்டைப் பக்கம் ஓர் இளம் பத்திரிகையாளர் உயிர்விட்டார்.

இதே அரை கிலோமீட்டர் பெண்களுக்கு வேறு கணக்கு. பெண்களே தெருவில் நடந்து, எங்கே பயமாக இருக்கிறது, ஏன் என்று குறித்துக்கொள்ளும் தணிக்கை முறையை 1989இல் டொரண்டோவில் ஓர் அமைப்பு உருவாக்கியது. கல்பனா விஸ்வநாத் இணைந்து தொடங்கிய சேஃப்டிபின் செயலி 2013 முதல் அதை இந்திய நகரங்களுக்குக் கொண்டுவந்தது. வெளிச்சம், நடைபாதை, ஆள் நடமாட்டம், அதில் பெண்கள் எத்தனை பேர், பேருந்து எவ்வளவு தூரம் என்று ஒன்பது அளவுகோல்கள். செயலி இல்லாமலும் செய்யலாம். வேலைநாள் ஒன்றில் இரவு ஒன்பது மணிக்கு ரயில் நிலையத்திலிருந்து வீடு வரை நடந்து பார்த்தால் போயிற்று. பறக்கும் ரயில் நிலையங்கள் பலவற்றில் இந்தச் சோதனை தோற்கும். மாபெரும் கட்டடங்கள், மேலே காலித் தளங்கள், கடை கண்ணி கிடையாது, இருட்டுப் படிக்கட்டு. பக்கத்தில் ஸ்டேஷன் என்று தரகர் பெருமையாகச் சொன்னால் எந்த ஸ்டேஷன் என்று கேளுங்கள்.

வெளிச்சத்துக்கும் கேமராவுக்கும் இடையே தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் வெளிச்சத்தைத்தான் கேட்பேன். நியூயார்க்கின் அரசுக் குடியிருப்புகளில் கூடுதல் விளக்குகள் வைத்துப் பார்த்த சோதனையில் இரவில் வெளியிடங்களில் நடக்கும் கடுங்குற்றங்கள் சுமார் 36 சதவீதம் குறைந்தன. நாற்பது ஆண்டுக் கேமரா ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளிவந்த கட்டுரை கண்ட சராசரிக் குறைவு 13 சதவீதம். அதிலும் பெரும்பயன் வாகன நிறுத்துமிடங்களில். ‘மூன்றாவது கண்’ என்று சென்னைக் காவல்துறை நகரெங்கும் வைத்த கேமராக்கள் குற்றவாளியைப் பின்னர் பிடிக்க உதவுகின்றன. அது பெரிய விஷயம்தான். நடக்கவிடாமல் தடுப்பது வேறு வேலை.

தனியாக வரும் பெண்கள் விடுதி தேடினால், பெண்கள் விடுதிகள் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லத் தயங்க வேண்டாம். 2018இல் ஆதம்பாக்கத்தில் ஒரு விடுதியின் அறைகளில் ரகசியக் கேமராக்கள் சிக்கின.

வடக்கே எண்ணூர், மணலி ஆலைகளை ஒட்டி வீடு எடுப்பவருக்குக் காற்றும் ஒரு கேள்வி. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து மக்கள் தெருவில் ஓடினார்கள். பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைமேடுகளின் காற்றுவாக்கில் இருக்கும் தெருக்களும் அப்படித்தான். புதுக் கட்டடம் என்றால் அனுமதி வரைபடம் கேட்க வேண்டும்: 2014 ஜூனில் மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள்.

எல்லாவற்றிலும் தேறும் தெரு கிடைக்குமா? அநேகமாகக் கிடைக்காது, கிடைத்தால் வாடகை கட்டாது. என் தீர்ப்பில் தண்ணீரும் கடைசி அரை கிலோமீட்டரும் விட்டுக்கொடுக்கக் கூடாதவை. பேட்டையின் பெயரைத் தாராளமாக விட்டுக்கொடுக்கலாம். பெரம்பூரில் மேடான, ஆள்நடமாட்டமுள்ள ஒரு தெரு, வேளச்சேரியின் பள்ளத்தில் உள்ள பளபளப்பான அடுக்ககத்தைவிடப் பாதுகாப்பானது, பெரும்பாலும் மலிவானதும்கூட.

மாநகராட்சி நினைத்தால் 2015, 2021, 2023 ஆண்டுகளில் தண்ணீர் நின்ற உயரத்தைத் தெருவுக்கு ஒரு மின்கம்பத்தில் கோடாகப் போட்டுவிடலாம், பெயின்ட் செலவுதான். காவல்துறை நிலையவாரியான குற்ற எண்ணிக்கையை ஆண்டுக்கு ஒருமுறை வெளியிடலாம். அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இந்த வீட்டில் எந்தெந்த ஆண்டுகளில், எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் வந்தது என்று வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கிறவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.